பாய்மரப் படகுக்கு ஒரு மாப்பிள்ளை அழைப்பு

1

டென்மார்க்குக்கு நான் வந்து இந்த வருடத்தோடு இருபத்தைந்து வருடம் ஆகிறது. ஆர்ஹூஸ் என்ற துறைமுக ஊரில் இருக்கிறோம். வந்து இறங்கிய நாளை ஒவ்வொரு வருடமும் நானும் என் மனைவி செல்வியும் மசால்வடை சுட்டுக் கொண்டாடுவோம். எண்ணெய் காய்ந்ததும் கூரையில் இருக்கும் புகை மணி அலறும். நான் நாற்காலியில் ஏறி அதைத் துண்டால் விசிறுவேன். கீழ்வீட்டுப் பெரியவர் என்னவோ ஏதோ என்று ஓடி வருவார். நாலு வடை கொடுத்து அனுப்புவோம். இப்போதெல்லாம் மணி அடிப்பதற்கு முன்பே அவர் தட்டோடு வந்து நிற்கிறார்.

இந்த வருடம் வடை சாப்பிடும்போது எங்கள் மகள் மகிழும் இருந்தாள். வயது இருபது. இங்கேயே பிறந்தவள். வேறு ஊரில் படிக்கிறாள். துணி துவைக்க மட்டும் வீட்டுக்கு வருவாள். துணி காயும்வரை எங்களோடு பேசிக்கொண்டிருப்பாள். துணி உலர்த்தும் இயந்திரம் ஒன்று வாங்கலாம் என்று செல்வி பல வருடமாகச் சொல்கிறாள். நான் விடவில்லை.

"அப்பா, இருபத்தஞ்சு வருஷம். உனக்கு என்ன வேணும்?" என்று மகிழ் கேட்டாள்.

யோசிக்காமல் வாயில் வந்ததைச் சொன்னேன். "வசந்தி அக்காவைக் கடல்மேல கூட்டிட்டுப் போகணும்."

மகிழ் ஒன்பது வயதிலிருந்து பாய்மரப் படகு ஓட்டுகிறாள். இந்த ஊரில் பிள்ளைகளுக்கு அது நம் ஊரில் சைக்கிள் பழகுவதைப்போல. போன கோடையில் படகுத் தலைவிக்கான சான்றிதழும் வாங்கிவிட்டாள். அடுத்த வடையை எடுப்பதற்குள் மடிக்கணினியைத் திறந்துவிட்டாள். வெதுவெதுப்பான கடல், நிறையத் தீவுகள், சென்னையிலிருந்து பக்கம், பிப்ரவரியில் நல்ல காற்று. மலேசியாவில் லங்காவி. ஒரு வாரம் படகை வாடகைக்கு எடுத்துத் தீவு தீவாகப் போகலாம், ஓட்டுவது நான் என்றாள். ஒரு வாரம் முழுக்க என் பெண் எங்கேயும் ஓடிப்போக முடியாத ஓர் இடத்தில் எங்களோடு இருப்பாள் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. உடனே சரி என்றேன்.

2

வசந்தி அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். எங்கள் அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து வேலைக்காகச் சென்னைக்கு வந்தவர். நாங்கள் வளர்ந்தது மந்தைவெளியில். கடல் நடந்துபோகிற தூரம்.

சென்னைக்காரர்களுக்கும் கடலுக்கும் உள்ள உறவை டென்மார்க்காரர்களுக்கு விளக்கி நான் தோற்றுப்போயிருக்கிறேன். "கடலோரத்தில் பிறந்தவரா? அப்படியானால் நன்றாக நீந்துவீர்களே" என்று அலுவலகத்தில் கேட்பார்கள். நாங்கள் கடற்கரைக்குத்தான் போவோம். கடலுக்கு யாரும் போவதில்லை. சுண்டல் வாங்குவோம். பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு அலை வரும்போது பின்னால் ஓடுவோம், போகும்போது முன்னால் ஓடுவோம். பிறகு மணலைத் தட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். எங்கள் அம்மாவின் சட்டப்படி தண்ணீர் கணுக்காலைத் தாண்டக் கூடாது. முப்பத்திரண்டு வயதில் இங்கே நீச்சல் வகுப்பில் சேர்ந்தபோது என்னோடு சேர்ந்தவர்கள் எல்லோரும் பால் பல் விழாதவர்கள். அவர்கள் என்னைவிடச் சீக்கிரம் தேறினார்கள்.

அக்கா மட்டும் வேறு மாதிரி. பட்டினப்பாக்கத்தில் படகைத் தள்ளிக்கொண்டிருந்த மீனவர் ஒருவரிடம் போய், "அண்ணே, ஒரே ஒரு ரவுண்டு என்னையும் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டாள். அப்போது அவளுக்குப் பத்தோ பதினொன்றோ. நான் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னா பாப்பா, இது இன்னா ராட்டினமா? போய் உங்கம்மாவாண்ட கேட்டுக்கினு வா" என்று அவர் சிரித்தார்.

அக்கா உண்மையிலேயே வீட்டுக்கு ஓடி வந்து கேட்டாள். அம்மா அவளுடைய செருப்பை எடுத்து பீரோவின் மேல் வைத்துவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

கல்யாணமாகி அக்கா தி. நகருக்குப் போனாள். அங்கிருந்து கடலுக்கு ஒரே பஸ். ஆனால் கடை, மாமியார், பிள்ளைகள், பிள்ளைகளின் கல்யாணம் என்று வருடங்கள் ஓடின. எப்போது போன் பண்ணினாலும், "அங்க கடல் எப்படிடா இருக்கு?" என்று கேட்பாள். குளிராக இருக்கிறது என்பேன். "குளிர்ந்தா என்ன, போய்ப் பாரு" என்பாள். ஒரு தடவையாவது அவள் கடல்மேல் போக வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்கான ஏற்பாடு.

3

அந்த ஏற்பாட்டுக்கு நடுவே அத்தான் உட்கார்ந்திருந்தார்.

அத்தான் என்றால் அக்காவின் கணவர், சங்கரலிங்கம். தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர், தாராளமாகக் கொடுப்பவர். ஆனால் எங்கள் வீட்டு மாப்பிள்ளை. இதை எங்கள் மகளுக்கு விளக்க ஒரு மாலை முழுக்க ஆயிற்று. மாப்பிள்ளை என்பது எங்கள் குடும்பத்தில் ஆயுள் பதவி. தலை நரைத்து, பல் போய், பேரன் எடுத்தாலும் முதல் இலை அவருக்கு, மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி அவருக்கு. அவர் வராத விசேஷத்துக்கு அக்காவும் வரமாட்டாள். யாரும் போட்ட சட்டமில்லை, அப்படித்தான் நடந்துவந்தது.

"சரி, படகுல பெரிய ரூமை அவருக்குக் குடுத்துடலாம்" என்றாள் மகிழ். மூன்று அறைகளில் ஒன்று மட்டும் கொஞ்சம் பெரிது. அதுதான் என்ஜினுக்குப் பக்கத்தில் இருந்தது. பெரிதாக இருந்தால் சத்தம், அமைதியாக இருந்தால் சிறிது. மாப்பிள்ளைக்கு எது மரியாதை என்று நானும் செல்வியும் இரண்டு வாரம் வாதம் செய்தோம். "தூங்குறதுக்கு ரூம், எதுல தூங்கினா என்ன?" என்று மகிழ் கேட்டாள். இருபது வருடம் வளர்த்து என்ன பயன் என்று நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகுதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். படகின் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "அத்தான், அக்கா, பிப்ரவரியில் எங்களோடு லங்காவி வாருங்கள், எல்லாச் செலவும் எங்களுடையது" என்று எழுதிவிட்டேன். சித்தப்பா கைகூப்பினார். மதுரையில் இருக்கும் ஒரு தம்பி மூன்று கப்பல் பொம்மை அனுப்பினான். அத்தானும் பார்த்துவிட்டார் என்று இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை.

மறுநாள் அக்காவுக்குப் போன் போட்டேன். "ஒண்ணும் சொல்லலடா. பார்த்தாரு, கண்ணாடியைக் கழட்டினாரு, பேப்பரை எடுத்துக்கிட்டாரு" என்றாள்.

செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். "காதுகுத்துக்கே தட்டு எடுத்துக்கிட்டு நேர்ல போய்க் கூப்பிடுவோம். மாப்பிள்ளையைப் போய் வாட்ஸ்அப்ல கூப்பிடுவாங்களா?"

இருபத்தைந்து வருடம் கடிதமும் மின்னஞ்சலுமாகவே வாழ்ந்து எனக்குப் புத்தி மழுங்கிவிட்டது. இங்கே பக்கத்து வீட்டுக்காரன் தன் அறுபதாவது பிறந்தநாளுக்கு என்னைக் குறுஞ்செய்தியில்தான் கூப்பிட்டான். மேசை நாற்காலி நீயே கொண்டு வா என்றும் எழுதியிருந்தான். நானும் சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு போனேன்.

4

தீபாவளிக்குச் சென்னை போனோம். மகிழுக்குப் பரீட்சை, வரவில்லை. ஆதம்பாக்கத்தில் செல்வியின் தம்பி வீட்டில் தங்கினோம். போன மறுநாளே செல்வி அழைப்புக்கான வேலையை ஆரம்பித்துவிட்டாள். வெள்ளித் தட்டு, வெற்றிலை பாக்கு, ஆப்பிள், சாத்துக்குடி, மல்லிகைப்பூ எல்லாம் தயார். ஆனால் தட்டில் வைக்கப் பத்திரிகை இல்லையே! தெருமுனை ஜெராக்ஸ் கடையில் படகின் படத்தைக் கலரில் பெரிதாக எடுத்தாள். அங்கேயே கைப்பையிலிருந்து மஞ்சளை எடுத்துக் குழைத்து நாலு மூலையிலும் தடவினாள்.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா மேடம், போட்டுக்குக் கல்யாணமா?"

தி. நகரில் அத்தான் வீட்டு ஹாலில் நாங்கள் இருவரும் நின்றுகொண்டு தட்டை நீட்டினோம். "அத்தான், நீங்க வந்து நடத்திக் குடுக்கணும்" என்றேன். ஒரு படகுச் சவாரியில் நடத்திக் கொடுக்க என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது. வாய் தானாகச் சொல்லிவிட்டது. செல்வி அக்காவுக்குக் குங்குமம் கொடுத்தாள். அத்தான் மஞ்சள் தடவிய படகைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முகம் மலர்ந்துவிட்டது.

"இது என்ன படகு ரகு?"

"கேட்டமரன் அத்தான். நம்ம கட்டுமரம்தான். இங்கிலீஷ்காரன் எடுத்துக்கிட்டுப் போயிட்டான்."

"அப்ப நம்ம சரக்குத்தான்" என்றார் திருப்தியாக.

அடுத்த இரண்டு நாள் அத்தானைப் பிடிக்க முடியவில்லை. கடைக்கு வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம் படத்தைக் காட்டினார். மூன்றாம் நாள் என்னைக் கடைக்குக் கூப்பிட்டு ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே எட்டு எவர்சில்வர் டம்ளர். ஒவ்வொன்றிலும் பேர் வெட்டியிருந்தது: 'சீ பிரீஸ் படகுக்கு அன்பளிப்பு, ச. சங்கரலிங்கம்.'

"அத்தான், அது வாடகைப் படகு. ஒரு வாரம்தான் நமக்கு" என்றேன்.

"இருக்கட்டும்லா. அடுத்து வாரவனும் காபி குடிப்பாம்லா" என்றார்.

எனக்கு மனம் நிறைந்துவிட்டது. அக்கா வந்துவிடுவாள் என்று நினைத்தேன். செல்வியிடம், அத்தானுக்கு என்ஜின் பக்கத்துப் பெரிய அறையே இருக்கட்டும், காதில் வைக்கப் பஞ்சு வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவாகச் சொன்னேன்.

5

நாலாம் நாள் மாலை எல்லோரும் மகிழோடு வீடியோவில் பேசுவதாக ஏற்பாடு. அக்கா வீட்டு ஹாலில் செல்போனைக் குத்துவிளக்கில் சாய்த்து வைத்தோம்.

மகிழின் தமிழைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். தமிழ் அவள் எங்களிடம் மட்டும் கேட்டுக் கற்றது. நாங்கள் அவளிடம் பேசியதெல்லாம் சாப்பிடு, தூங்கு, செருப்பைக் கழற்று, அதைத் தொடாதே என்பதுதான். ஆகவே அவளுக்குத் தெரிந்த தமிழ் பூராவும் உத்தரவுதான். இலக்கணச் சுத்தமான உத்தரவு.

அத்தான் தினசரி காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "செவ்வாய்க்கிழமை எந்தத் திசையில போறோம்மா?"

"வடக்கு, மாமா."

"செவ்வாய் வடக்கே சூலம்லா."

மகிழ் என்னைப் பார்த்தாள். "செவ்வாய்க்கிழமை வடக்கே போகக் கூடாதாம்" என்றேன்.

"ஏன், ஸ்டார்மா?" என்று அவள் பதறிப்போய் எதையோ தட்டிப் பார்த்தாள். "என் ஆப்ல ஒண்ணும் இல்லையே."

"ஆப்ல இருக்காது. காலண்டர்ல போட்டிருக்கு."

அதே காலண்டரில் பரிகாரம் பால் என்றும் போட்டிருந்ததால் செவ்வாய்க்கிழமை கிளம்பும் முன் எல்லோரும் ஒரு வாய் பால் குடிப்பது என்று சமாதானமாயிற்று. செல்வி சாமான்களோடு பாலையும் சேர்த்துக்கொண்டாள். அக்கா காபி கொண்டு வந்து கொடுத்துவிட்டுச் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் கிடையாது, நல்ல தண்ணீர் கம்மி, ஆளுக்கு ஒரு சின்ன வாளி என்று மகிழ் சொன்னதையும் அத்தான் தாங்கிக்கொண்டார். படகில் கழிப்பறைக்குக் கையால் பம்ப் அடிக்க வேண்டும் என்றதற்கும், "நம்ம பழைய போர் பம்பு மாதிரிதானே" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்.

மகிழுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "காத்து ஜாஸ்தியானா நான் கத்துவேன். கத்தினா உடனே செய்யணும். ஏன்னு கேட்கக் கூடாது. போட்ல கேப்டன் சொல்றதுதான். மாமா, நீ இடது பக்கம் நில்லு. நான் 'இழு'ன்னு சொன்னா கயிறை இழு. 'விடு'ன்னா விடு."

முப்பத்தைந்து வருடத்தில் எங்கள் குடும்பம் அத்தானிடம் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொடுங்கள் என்றுகூடச் சொன்னதில்லை.

"கயிறா?" என்றார் அத்தான்.

"ஆமா மாமா. கெட்டியா."

அத்தான் காலண்டரை ஆணியில் மாட்டினார். "புள்ளை நல்லா பேசுதாளே" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "ரகு, நான் யோசிக்காம இருந்துட்டேன் பாரு. தையும் மாசியும் கல்யாண சீசன். சீர்வரிசைப் பாத்திரம் அப்பதான் போகும். கடையை விட்டுட்டு வரமுடியாது. முட்டி வேற வலி. நீங்க சந்தோஷமா போயிட்டு வாங்க" என்றார். கடைக்குக் கிளம்பிவிட்டார்.

பயணம் பிப்ரவரி என்று அவருக்கு முதல் நாளே தெரியும். தை மாசம் ஒன்றும் புதிதாக இடம் மாறி வரவில்லை. ஆனால் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? அக்கா காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது.

6

ஆட்டோ வரை அக்கா எங்களோடு வந்தாள். தெருவில் தீபாவளிக் கூட்டம். ஆட்டோக்காரர் வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் அந்த இரைச்சலில் அக்காவிடம் புதுத் திட்டங்களை அடுக்கிக்கொண்டே போனேன். மகிழுக்குப் பதிலாக மலாய்க்காரர் ஒருவரைக் கேப்டனாகப் போட்டுவிடலாம். அத்தானுக்குக் கயிறே வேண்டாம், நாற்காலி போட்டுவிடலாம். சித்தப்பாவை அழைத்துக்கொண்டு வந்து, தட்டோடு மறுபடி ஒரு தடவை கூப்பிடலாம். கல்யாண சீசன் முடிந்து சித்திரையில் வைத்துக்கொள்ளலாம், காற்று இல்லாவிட்டால் என்ன, என்ஜின் இருக்கிறது.

அக்கா எல்லாவற்றையும் கேட்டாள். "எல்லாம் சரிடா. என்னை எப்பக் கூப்பிடப் போற?"

"என்னக்கா இது? தட்டு வெச்சுக் கூப்பிட்டோமே."

"எனக்குக் குங்குமம் குடுத்தீங்க. அவரைத்தான் கூப்பிட்டீங்க. ரூம் அவருக்கு, நாள் அவருக்கு, டம்ளர்ல பேரு அவருக்கு. நாலு நாளா நான் காபியோட நிக்கிறேன். ஒருத்தராவது என் மூஞ்சியைப் பார்த்து 'நீ வர்றியா'ன்னு கேட்டீங்களா?"

அக்கா வருவாளா என்பதை இத்தனை நாளும் அத்தானின் முகத்தில்தான் தேடிக்கொண்டிருந்தோம்.

"இன்னா சார், ஏறுறியா, நான் வேற சவாரி பாத்துக்கினு போவட்டா?" என்றார் ஆட்டோக்காரர்.

நடுத்தெருவில், கையில் தட்டும் இல்லை, பழமும் இல்லை. "அக்கா, பிப்ரவரியில எங்ககூட கடலுக்கு வர்றியா?" என்று கேட்டேன்.

"வரேன்" என்றாள் அக்கா.

"அத்தான்?"

"நான் சொல்லிக்கிறேன். அவரும் வந்தா சந்தோஷம். இல்லைன்னா ஒரு வாரம் மக வீட்ல சாப்பிடட்டும். கேப்டனை மட்டும் மாத்தாதே. கயிறை நான் இழுக்கிறேன்."

செல்வி மெதுவாகக் கேட்டாள். "அண்ணி, தண்ணிக்குப் பயமில்லையா?"

அக்கா கடைப்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இவன் வாட்ஸ்அப்ல படத்தைப் போட்ட அந்த வாரமே அடையாறுல நீச்சல் குளத்துல சேர்ந்துட்டேன். காலையில லேடீஸ் பேட்ச். மல்லாக்க மிதக்க வந்துடுச்சு. குப்புறத்தான் இன்னும் தண்ணி குடிக்கிறேன்."

"அத்தானுக்குத் தெரியுமா?" என்றேன்.

"அவர் முட்டி வலிக்காக ஒரு மண்டலம் திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயிலுக்கு வர்றதா வேண்டிக்கிட்டேன்னு சொல்லியிருக்கேன். பொய்யில்லடா. கோயிலுக்குக் குளிச்சுட்டுத்தானே போகணும்? குளத்துல குளிச்சுட்டு நேரா அங்கதான் போறேன்."

செல்வி சிரிப்பை அடக்க முடியாமல் ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை, இரண்டும் வந்தது.

"மண்டலம் முடிஞ்சுட்டா என்னக்கா பண்ணுவே?"

"அதுக்கென்ன, இன்னொரு மண்டலம். இப்ப வலி குறைஞ்சிருக்குன்னு அவரே விடிகாலையில என்னை எழுப்பி விடுறாரு."